இன்னும் தொண்ணூற்றாறு மடங்கு

பிள்ளை கையிலே மீதிச் சில்லறையைக் கொடுக்காதீங்கம்மா. முன்பின் தெரியாதவள் சொல்றேன்னு தப்பா எடுத்துக்காதீங்க. பஸ் ஜன்னல் வழியா வெள்ளரிப்பிஞ்சு வாங்கினீங்க, சரி. மீதியைப் பாப்பா வாங்கி எண்ணிப் பார்த்து, "அஞ்சு ரூவா குறையுதே"ன்னு அந்தப் பொம்பளையைத் திரும்பக் கூப்பிட்டாளே, அப்ப நீங்க சிரிச்சீங்க பாருங்க, அங்கேதான் ஆரம்பம். நீங்க அதைச் சமர்த்துன்னு நினைக்கிறீங்க. நான் அதுக்கு வேற பேர் வச்சிருக்கேன். பிள்ளை முன்னாலே சொல்ல மாட்டேன்.

கொஞ்சம் தள்ளி உட்காருங்க. இந்தக் கூடையைக் காலுக்கு நடுவிலே வச்சுக்கிடுதேன். சாயக்கூடாது. உடன்குடி போய்ச் சேர இன்னும் முக்கால் மணி நேரம் இருக்கு, நான் ஏன் சொல்றேன்னு உங்களுக்கே விளங்கும்.

எங்க பக்கத்து வீட்டிலே மெர்லின்னு ஒருத்தி. புருஷன் கத்தாரிலே. மாசம் பிறந்தா பணம் வந்து விழுது. வீட்டோட இருந்து, ஜெபம் பண்ணி, பெத்த பிள்ளையைப் பார்த்துக்கிட வேண்டியவள், பஞ்சாயத்து ஆபீஸ் எதிரே ஜெராக்ஸ் கடை போட்டு உட்கார்ந்திருக்கிறாள். ஏன்டி உனக்கு இந்தத் தலையெழுத்துன்னு கேட்டேன். "சும்மா இருக்க முடியலக்கா" என்கிறாள். சும்மா இருக்க முடியலையாம்! நான் முப்பத்தெட்டு வருஷமா சும்மா இருக்கேன். எனக்கு என்ன குறைஞ்சு போச்சு?

அவள் மகள்தான் அக்சா. அப்போ பத்து வயசு. ஞாயிற்றுக்கிழமைப் பள்ளியிலே என் வகுப்பு. நான் எட்டாவதுதான் படிச்சிருக்கேன், ஆனா கோயில்ல சின்னப் பிள்ளைகளுக்குப் பாட்டும் ஜெபமும் சொல்லிக் கொடுக்கிறது இருபத்திரண்டு வருஷமா இந்த ராஜபாய்தான்.

நானும் மூணு பெத்து வளர்த்தவள்தாம்மா. என் பிள்ளைகள் பத்தாவது முடிக்கிறவரை காசைக் கையால தொட்டதில்லை. அப்படி வளர்த்தேன். மூத்தவன் பெங்களூர்ல பெரிய வேலை. போன வருஷம் யாரோ போன்ல நம்பர் கேட்டானாம், இவன் சொல்லிட்டானாம், நாலு லட்சம் போச்சு. அவ்வளவு வெள்ளை மனசு. ரெண்டாவது பொண்ணு, அவளுக்குத் தூத்துக்குடியிலே சர்க்கார் உத்தியோகம். ஏ.டி.எம். கார்டு மருமகன் கையிலே. உனக்குச் சம்பளம் எவ்வளவுன்னு கேட்டா, "அத்தானுக்குத்தாம்மா தெரியும்" என்பாள். கேட்கவே மனசு குளிர்ந்து போகும். கடைசிப் பையன் இன்னும் வீட்டிலேதான் இருக்கான். முப்பத்தொண்ணு ஆகுது. பணத்தாசை கிடையாது.

அது கிடக்கட்டும். எங்க ஊர்க் கோயில்ல அறுப்பின் பண்டிகைன்னு வருஷா வருஷம் நடக்கும். வீட்டிலே விளைஞ்சது, செஞ்சது எதுவானாலும் கொண்டு வந்து ஆண்டவருக்குப் படைக்கணும். ஆராதனை முடிஞ்சதும் வேப்பமரத்தடியிலே எல்லாத்தையும் ஏலம் விடுவாங்க. ஒரு எலுமிச்சம்பழம் ஆயிரம் ரூபாய்க்குப் போகும். ஒரு முட்டைக்கு ரெண்டு பேர் மல்லுக்கு நிப்பாங்க. நான் நார்த்தங்காய் ஊறுகாய் ஒரு பாட்டில் கொடுப்பேன். எங்க வீட்டு மரத்துக் காய். அது ரெண்டாயிரத்து ஐநூறுக்குக் குறைஞ்சு போனதே இல்லை. சபையே திரும்பிப் பார்க்கும். நான் தலையைக் குனிஞ்சுக்கிடுவேன். பெருமை கூடாது.

அந்த வருஷம் இந்த அக்சா, வீட்டு மரத்துலே பழுத்த பப்பாளி ஒண்ணைச் சுமந்துக்கிட்டு வந்தாள். துபாயிலே இருந்து வந்த ஒருத்தர் ஆயிரத்து எண்ணூறுக்கு எடுத்தார். பிள்ளை கண்ணைப் பார்க்கணுமே! மறுநாள் காலையிலே நான் பால் வாங்க வெளியே வர்றேன், அவங்க வீட்டு வாசல்ல ஒரு பலகை. பலகையிலே அஞ்சு பப்பாளி. அட்டையிலே எழுதி வச்சிருக்கு: ஒன்று 1800.

"என்னடி இது கூத்து?"

"நேத்து அந்த விலைக்குத்தானே போச்சு, பெரியம்மா."

"அது ஆண்டவருக்குப் படைச்சதுடி!"

அதுக்குக் கேட்டாள் பாருங்க ஒரு கேள்வி:

"அப்ப ஆண்டவர் இல்லாம எவ்வளவு, பெரியம்மா?"

ஒரு நல்ல தாய் என்ன செய்யணும்? பலகையை எடுத்து அடுப்பிலே வைக்கணும். இந்த மெர்லின் என்ன செஞ்சாள் தெரியுமா? கதவுல சாஞ்சுக்கிட்டு, "விலை தெரியணும்னா ரெண்டு கடையிலே போய் விசாரிச்சுட்டு வா"ன்னு சொல்லி, பிள்ளை கையிலே ரப்பரையும் கொடுக்கிறாள், அழிச்சு எழுத! பிள்ளை ஓடிப்போய்க் கேட்டுட்டு வந்து முப்பதுன்னு எழுதினாள். மத்தியானத்துக்குள்ளே அஞ்சும் போயிட்டு.

அத்தோட விட்டுச்சா? முருங்கைக்கீரையைக் கட்டுக் கட்டா முடிஞ்சு வச்சாள். ஊரெல்லாம் காலி பாட்டில் பொறுக்கி, கழுவி, காயவச்சு வித்தாள். ஒரு நோட்டு வேற. அதுல எழுத மெர்லின்தான் சொல்லிக் கொடுத்தாளாம். நான் கேட்டேன், "இவ்வளவும் எதுக்குடி சேர்க்கிறே? பொம்மை வாங்கவா, கவுன் எடுக்கவா?"

"தராசு வாங்கப் போறேன், பெரியம்மா. கரண்டு தராசு. எடை போட்டு வித்தா யாரும் சண்டைக்கு வரமாட்டாங்க."

தராசு! பத்து வயசுப் பொட்டப்பிள்ளைக்கு! நான் அன்னைக்கு முழங்கால்ல நின்னு அந்தப் பிள்ளைக்காக அழுதேன். பிள்ளையை எப்படியாவது திருப்பிக் கொண்டு வரணும், அந்தத் தாய் கெடுத்ததை நாம சரி பண்ணணும்னு மனசுல ஒரு பாரம். மெர்லினுக்கு யாரு புத்தி சொல்ல? அவளுக்குக் காது இருக்கிற இடத்துலே கால்குலேட்டர் இருக்கு.

அடுத்த ஞாயிறு வகுப்புலே எடுத்துச் சொன்னேன். உங்க கையிலே இருக்கிறதை ஆண்டவருக்குக் கொடுத்தா, அவர் நூறு மடங்காத் திருப்பித் தருவாருன்னு. எல்லாரும் சொல்றதுதானே? பிரசங்கத்துலே சொல்றாங்க, கூட்டத்துலே சொல்றாங்க. அக்சா கையைத் தூக்கினாள்.

"எத்தனை நாள்ல தருவார்?"

"சீக்கிரம் தருவார்."

"முழுசும் கொடுக்கணுமா, பாதி கொடுத்தாலும் உண்டா?"

"முழு மனசோட முழுசும் கொடுக்கணும்"னேன். விடுவேனா?

மறு வாரம் ஒரு தகர டப்பாவைக் கொண்டு வந்து காணிக்கைப் பையிலே கவுத்தினாள். முந்நூத்து நாப்பது ரூபாய். பை கனம் தாங்கலை. எனக்குக் கண்ணுலே தண்ணி வந்துட்டு. பெண்கள் கூட்டத்துலே சாட்சி சொன்னேன், ஒரு ஆத்துமாவைப் பண ஆசையிலே இருந்து மீட்டாச்சுன்னு. எல்லாரும் ஸ்தோத்திரம் சொன்னாங்க. மெர்லின் மட்டும் ஸ்தோத்திரம் சொல்லலை. "அவ காசு, அவ இஷ்டம்" என்றாள். வயித்தெரிச்சல்.

ஒரு மாசம் போச்சு. வகுப்பு முடிஞ்சு பாய் சுருட்டிக்கிட்டு இருக்கேன். அக்சா வந்து நிக்கிறாள்.

"பெரியம்மா, வரல."

"என்னது வரல?"

"முப்பத்தி நாலாயிரம்."

நான் சிரிச்சுட்டேன். சிரிச்சது தப்பு. அடுத்த ஞாயிறும் வந்தாள். மரியாதையாத்தான் கேட்டாள், அதுதான் இன்னும் எரிச்சல். "இன்னும் வரல பெரியம்மா. வீடு மாத்திக் கொடுத்திருப்பாரோ?" அதுக்கு அடுத்த ஞாயிறு, "நான் முழு மனசோடதான் போட்டேன். நீங்க பார்த்தீங்கல்லா?"

சுவர் மேலே எட்டி மெர்லினைக் கூப்பிட்டேன். "நீ எடுத்துச் சொல்லு பிள்ளைக்கு."

"என்னத்தக்கா சொல்ல? நீங்க சொன்னது பொய்யின்னா?"

"எது பொய்? ஆண்டவர் தருவார்ங்கிறது பொய்யா?"

"அப்ப வரும்னு சொல்லுதேன்."

"வரும்னு சொன்னா நாளைக்கும் வந்து கேப்பாளே!"

"அப்ப நீங்களே ஒரு பதில் யோசிச்சு வையுங்கக்கா. நான் கடை திறக்கணும்" என்று சாவியை எடுத்துக்கிட்டுப் போயிட்டாள். பெரியவளைப் பார்த்துப் பேசுற பேச்சா அது?

அதோட போனாலும் பரவாயில்லை. ஒரு ஞாயிறு காணிக்கைப் பையைச் சுத்தி விட்டேன். திரும்பி வந்த பையிலே என் காசு மட்டும் கிடக்கு. பதினேழு பிள்ளைகள், ஒருத்தர்கூடப் போடலை. ஏன்டான்னு கேட்டா, டேனி என்று ஒரு வாண்டு எழுந்து நின்னு சொல்றான்: "அக்சாவுக்கு வரட்டும் டீச்சர். பொறவு போடுதோம்."

எனக்கு எப்படி இருந்திருக்கும்? இருபத்திரண்டு வருஷம்! ஆண்டவர் பேரே கெட்டுப் போகுது ஒரு பப்பாளிக்காரியாலே. போதகர் ஐயா காதுக்குப் போனா என் முகத்தை எங்கே வச்சுக்கிடுவேன்?

முந்நூத்து நாப்பதையாவது திருப்பி அந்தப் பிள்ளை கையிலே சேர்த்துட்டா வாய் அடையும்னு பார்த்தேன். ஆனா என் கையிலே ஏது? எங்க வீட்டிலே பணமெல்லாம் வீட்டுக்காரங்க பொறுப்பு. ரிட்டயர்டு வாத்தியார். எனக்குச் சனிக்கிழமை சாயங்காலம் காணிக்கைக்கு இருபது ரூபாய் எடுத்து மேஜை மேலே வைப்பாங்க. கேட்டா கொடுப்பாங்க, இல்லைன்னு சொல்ல மாட்டாங்க. எதுக்குன்னு கேப்பாங்க, அவ்வளவுதான். நான் முப்பத்தெட்டு வருஷத்துலே மூணு தடவை கேட்டிருப்பேன். இப்ப பஸ்ஸுலே பொம்பளைகளுக்கு டிக்கெட் இல்லைன்னு ஆனதுனாலே, எங்கே போறேன்னு சொன்னாப் போதும்.

ஜெபம் பண்ணினேன். பண்ணிக்கிட்டு இருக்கும்போதே ஊறுகாய் ஜாடி கண்ணுலே படுது. வழி தெரிஞ்சுட்டு! ஒரு பாட்டில் ரெண்டாயிரத்து ஐநூறு. பத்து பாட்டில் போட்டா இருபத்தஞ்சாயிரம். இன்னொரு நாலு பாட்டில் அடுத்த வாரம். முப்பத்தி நாலாயிரத்தையும் ஒரேயடியா மூஞ்சியிலே விட்டெறிஞ்சுட்டு, மிச்சத்தைக் கோயில் பெயின்டுக்குக் கொடுத்திரலாம். அவ்வளவு சுலபம். இதுக்குப் போய் அந்தத் தாயும் மகளும் கீரை முடியுறாங்களே, புத்தி கெட்டதுகள்னு நினைச்சுக்கிட்டேன்.

பாட்டிலுக்கு எங்கே போக? அக்சாகிட்டதான் இருக்கு. கேட்டேன். "மூணு ரூவா பெரியம்மா." எங்கிட்டேயே! பக்கத்து வீடு! "கழுவிக் காயவச்ச கூலி"ன்னு சொல்றாள். பொறவு தாறேன்னேன். நோட்டுல எழுதிக்கிட்டாள், காசுப் பேய்.

பத்து பாட்டிலையும் இதே கூடையிலே தூக்கிக்கிட்டு உடன்குடி பஜாருக்கு வந்தேன். மளிகைக் கடை பாய் நல்ல மனுஷர். விரல்லே தொட்டு ருசி பார்த்தார். கண்ணை மூடினார்.

"நல்லாத்தான் இருக்கு தாயி. நாப்பது."

"நாப்பதாயிரம் எல்லாம் வேண்டாம் பாய். ஒரு பாட்டில் ரெண்டாயிரத்து ஐநூறு போட்டா போதும்."

மனுஷர் சிரிக்கலை. அது ஒண்ணுதான் அவர்கிட்ட எனக்குப் பிடிச்சது. "நாப்பது ரூவா தாயி" என்றார்.

"எங்க கோயில்ல என்ன விலைக்குப் போகுது தெரியுமா?"

"அது கோயில்லம்மா. இது கடை."

கடையிலே எங்க ஊர் தங்கப்பழம் நின்னான். கோயில்ல மணி அடிக்கிறவன். அரிசி வாங்க வந்தவன் சும்மா போகலாம்லா? "அக்கா, அது உங்க மூத்த மகன்லா பெங்களூர்ல இருந்து எனக்குப் போன் பண்ணி, எங்கம்மா பாட்டிலை மட்டும் விட்டுராதண்ணே, ரெண்டாயிரத்து ஐநூறு வரைக்கும் கேளுன்னு சொல்லுவாப்ல. பணமும் அனுப்பிருவாப்ல. அஞ்சு பாட்டில் அப்படியே எங்க வீட்டுலதான் கிடக்கு. அவருக்குத்தான் உப்பு ஆகாதுல்லா?"

உண்மைதான், என் மூத்தவனுக்குப் பிரஷர் உண்டு. உப்பு ஆகாது.

பாய் நாலு நூறு ரூபாயை எண்ணி என் கையிலே வச்சார். அரிசி மூட்டை மேலே ஒரு நிமிஷம் உட்கார்ந்தேன், வெயில் பாருங்க, தலை சுத்துச்சு. ஆண்டவர் இல்லாம நாப்பது. அந்தக் குட்டிக்கு மட்டும் இது தெரியக்கூடாதுன்னு நினைச்சேன்.

பாட்டிலுக்கு முப்பது போக, முந்நூத்து நாப்பதைக் கவர்ல போட்டேன். யார்னு எழுதலை. ஞாயிற்றுக்கிழமை அவள் பாட்டுப் புத்தகத்துக்குள்ளே சொருகி வச்சேன். முப்பது ரூபாய் மிச்சம். பஸ் ஸ்டாண்டுல பதினஞ்சு ரூபாய்க்கு ஒரு காபி குடிச்சேன். நானே காசு கொடுத்து. காபி கசப்பு. ஆனா முழுசும் குடிச்சேன்.

சரி, வகுப்பு முடிஞ்சுது. பிள்ளை கவரைத் தூக்கிக்கிட்டு ஓடி வருது. முகமெல்லாம் பல்லு. எல்லாப் பிள்ளைகளும் சுத்தி நிக்குது. நான் மனசுக்குள்ளே ஸ்தோத்திரம் சொல்லிக்கிட்டேன், தொல்லை விட்டுதுன்னு. அக்சா எல்லாருக்கும் கேக்கிற மாதிரி சொல்றாள்:

"பெரியம்மா, ஒரு மடங்கு வந்துட்டு! இன்னும் தொண்ணூத்தொம்பது!"

டேனி உடனே பாக்கெட்டுல இருந்து ரெண்டு ரூபாயை எடுத்துப் பையிலே போட்டான். பின்னாலேயே எல்லாரும் போட்டாங்க. நான் என்ன செய்ய, சொல்லுங்க? இல்லை பாப்பா, இதோட முடிஞ்சுட்டுன்னு சொல்ல முடியுமா? ஆண்டவர் ஒரு மடங்கோட நிறுத்திக்கிட்டார்னு சொல்லவா?

அடுத்த மாசம் பாட்டில் வாங்கப் போனேன். பத்து பாட்டிலையும் எடுத்து வச்சுட்டு, கூடவே ஒரு காகிதம் நீட்டுறாள். மெர்லின் கடையிலே அடிச்ச லேபிள். 'ராஜபாய் நார்த்தங்காய் ஊறுகாய்' என்று பெரிய எழுத்துலே. கல்யாணப் பத்திரிகைக்கு அப்புறம் என் பேரை அச்சுலே நான் பார்த்தது அன்னைக்குத்தான்.

"இதை ஒட்டினா அம்பது கேக்கலாம் பெரியம்மா. லேபிள் ஒண்ணு ஒரு ரூவா."

"நான் யாருக்கு விக்கிறேன்னு உனக்கு யாரு சொன்னா?"

"நான் ஒண்ணும் கேக்கலையே, பெரியம்மா" என்கிறாள். முகத்தைப் பச்சைப்பிள்ளை மாதிரி வச்சுக்கிட்டு. "அந்தக் கவர்ல நல்லெண்ணெய் வாசம் அடிச்சுது. பரலோகத்துலயும் ஊறுகாய் உண்டுபோல."

பாருங்க, எவ்வளவு அறியாத பிள்ளை! இந்தப் பிள்ளையைப் போய்க் கெடுத்து வச்சிருக்கிறாளே பெத்தவள்!

ரெண்டாவது கவர் வந்ததும் தராசு வாங்கிட்டாள். என் பாட்டிலைத் தூக்கி அது மேலே வச்சுப் பார்த்துட்டு, "ஒவ்வொண்ணுலயும் இருபது கிராம் கூடப் போடுதீங்க பெரியம்மா, நட்டம்" என்றாள். எனக்கா சொல்லிக் கொடுக்கிறே என்று கேட்டேன். ஆனா அந்த மாசத்துலே இருந்து கழுத்து வரைக்கும் அமுக்கி அடைக்கிறதை விட்டுட்டேன். அவள் சொன்னாள்னு இல்லை. மூடி சரியா மாட்டலை, அதனாலே.

பாய் இப்ப அம்பது போடுறார். பத்து பாட்டில், ஐநூறு. அவள் பாட்டிலுக்கும் லேபிளுக்கும் நாப்பதைப் பிடுங்கிக்கிடுவாள். முந்நூத்து நாப்பது கவருக்கு. மீதி நூத்தி இருபது அரிசிப் பானைக்குள்ளே ஒரு டப்பாவிலே கிடக்கும். அது என் பணம் இல்லை, ஆண்டவர் வேலைக்கான செலவுப் பணம். கண்ணாடிக் கால் ஒடிஞ்சு ஏழு மாசமா நூல் கட்டிப் போட்டிருந்தேன், ஜெபப் புத்தகம் வாசிக்கக் கஷ்டமா இருந்துச்சு. போன மாசம் மாத்திட்டேன். எதுக்கு, எவ்வளவுன்னு யார்கிட்டேயும் சொல்லலை. வீட்டுக்காரங்களும் இன்னும் கவனிக்கலை.

நார்த்தை இல்லாத மாசம் எலுமிச்சை போடுவேன். கணக்குப் பார்த்தேன். மாசம் ஒரு மடங்கு. இன்னைக்கு இந்தக் கூடையோட நாலு. இன்னும் தொண்ணூற்றாறு. அதாவது எட்டு வருஷம். எனக்கு இப்ப அறுபத்து மூணு. எழுபத்தொண்ணு வரைக்கும் ஆண்டவர் எனக்கு ஆயுசு தந்தாகணும், அவருக்கும் வேற வழி கிடையாது. அப்போ அந்தக் குட்டிக்குப் பத்தொன்பது. காலேஜ்ல நிக்கிற வயசு. முப்பத்தி நாலாயிரத்தையும் என்கிட்ட இருந்தே கறந்து பீஸ் கட்டிருவாள். அந்த மெர்லின் மூஞ்சியிலே இப்பவே ஒரு சிரிப்பு. சுவர் மேலே எட்டி, "அக்கா, ரொம்ப உழைக்கிறீங்களே" என்கிறாள். உழைக்கிறேனாம்! நான் என்ன அவளை மாதிரி கடை போட்டா உட்கார்ந்திருக்கேன்? இது வியாபாரம் இல்லைம்மா, அதை மட்டும் தெளிவா வச்சுக்கிடுங்க. இது ஊழியம். வியாபாரம் பண்றவளைக் கண்டாலே எனக்கு ஆகாது.

அதனாலேதான் சொல்றேன், பிள்ளையை இப்பவே கண்டிச்சு வையுங்க.

பஜார் வந்துட்டு. கொஞ்சம் இந்தக் கூடையைப் பிடிங்கம்மா, நேரா, நேரா. என்ன பாப்பா, எட்டிப் பார்க்கிறே? என்ன விலைன்னா கேக்கிறே? இது கோயில்ல ரெண்டாயிரத்து ஐநூறுக்குப் போற ஊறுகாய். அம்மாவுக்கு ஒண்ணு வேணுமாமா? உங்களுக்குன்னா அம்பது. குறைக்க முடியாதும்மா, பாட்டிலே மூணு ரூபாய், லேபிளுக்கு ஒண்ணு. பாய்க்கு ஒரு பாட்டில் குறைஞ்சா என்ன, அடுத்த மாசம் பதினொண்ணாக் கொடுத்திருவேன்.

நூறு ரூபாயா? சில்லறை இருக்கு, இருக்கு. இந்தா பாப்பா, மீதி அம்பது. அப்படியே மடக்கிப் பையிலே போடாதே. எண்ணிப் பாரு.